பட்டியல் காலியாக வந்தால்: கிளவுட் காவல் ஏற்பாடுகளைக் கட்டளைவரியில் எண்ணுவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தணிக்கை அறிக்கையில் "நான்கு ரீஜன்களில் கார்டுடியூட்டி இயங்கவில்லை" என்று தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கார்டுடியூட்டி என்பது ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) கணக்கில் சந்தேகச் செயல்களைக் கண்டுபிடிக்கும் சேவை; ரீஜன் என்பது அந்தக் கிளவுட்டின் தரவு மையங்கள் இருக்கும் ஒரு வட்டாரம். மறுநாள் கூட்டத்தில் வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் ஒருவர் எதுவும் பேசாமல் தன் திரையைப் பகிர்ந்தார். நான்கு ரீஜன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நான்கிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

என் ஸ்கிரிப்ட் காலிப் பட்டியலைத் தந்தது உண்மைதான். எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த ரோலுக்கு (அனுமதிகள் ஒட்டிய அடையாளத்துக்கு) அந்த நான்கு ரீஜன்களைப் பார்க்கவே அனுமதி இல்லை. கருவி அதை ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திரையில் பிழைச் செய்திகள் வந்து விழுந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றையெல்லாம் குப்பைக்குத் திருப்பிவிட்டிருந்தவன் நான்.

அதன் பிறகு, பட்டியல் எடுக்கும் வேலையை மிக மெதுவாகச் செய்பவன் என்று குழுவில் பெயர் வாங்கிவிட்டேன். பரவாயில்லை. கண்காணிப்புக்கென்று ஒரு கணக்கில் என்னென்ன இருக்கின்றன என்பதை ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ (கட்டளைவரிக் கருவி) வழியாக எண்ணும் அந்த மெதுவான முறையை இங்கே எழுதுகிறேன். பிற கிளவுட்களின் கருவிகளில் கட்டளைகள் மாறும். ஏமாறும் இடங்கள் பெரிதாக மாறுவதில்லை.

கட்டளைகளை எழுதியிருக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. பல வாடிக்கையாளர்கள் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். நான் தொலைபேசியில் கட்டளையைச் சொல்வேன்; அவர்கள் தட்டி, வந்ததை வாசிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில் தட்டுங்கள் (--குவரிக்குள் வரும் பெயர்கள் மட்டும் விதிவிலக்கு; அவற்றில் பேரெழுத்தும் வரும், பிறகு சொல்கிறேன்). கோடு போட்ட இடத்தில் கோடு, இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி. இரட்டைக் கோட்டில் தொடங்குபவை கூடுதல் தேர்வுகள். கார்டுடியூட்டி ஒரே சொல். அதன் நடுவில் டெல்டாவின் 'டி' இரண்டு முறை வரும். இதை நான் தொலைபேசியில் சொல்லாத வாரமே கிடையாது.

முதலில், நான் யார்?

எந்தப் பட்டியலுக்கும் முன்னால் இந்த ஒரு வரி:

ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி

பயனர் அடையாளம், கணக்கு எண், ரோலின் முழுப்பெயர் என்று மூன்று விவரங்கள் வரும். 12 இலக்கக் கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்து, கையில் இருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள். சோதனைக் கணக்கும் உற்பத்திக் கணக்கும் இரண்டு இலக்கம் மட்டும் மாறி அமைந்திருந்த ஓர் இடத்தில், அரைநாள் முழுக்கத் தவறான கணக்கை நாங்கள் எண்ணியிருக்கிறோம். இந்தக் கட்டளைக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை என்பது இதன் நல்ல குணம். ஆகவே இதுவே பிழை காட்டினால், கோளாறு பெரும்பாலும் உங்கள் சாவியில்தான் (கணக்கில் நுழைய உதவும் அணுகல் குறியீடு): காலாவதியாகியிருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும்.

எதிர்பாராத கணக்கு எண் வந்தால் அடுத்து இது:

ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர் லிஸ்ட்

சாவி எங்கிருந்து எடுக்கப்படுகிறது, ரீஜன் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று இது சொல்லும். காலையில் வேறு வேலைக்காகத் திறந்த முனையச் சாளரத்தில் ஒரு பழைய சாவி சூழல் மாறியாகக் கிடக்கும். புரொஃபைல் (சேமித்து வைத்த சாவி, ரீஜன் தொகுப்பு) பெயரைச் சொல்லாமல் விட்டால் அது முந்திக்கொள்ளும். எனவே ஒவ்வொரு கட்டளையிலும் --புரொஃபைல் என்று எழுதிப் பெயரையும் கொடுத்துவிடுகிறேன். விரல் வலித்தாலும் சரி. கீழே உள்ள எடுத்துக்காட்டுகளில் அதை விட்டிருக்கிறேன், நீங்கள் விடாதீர்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, ஏடபிள்யூஎஸ் தயாராக வைத்திருக்கும் 'செக்யூரிட்டிஆடிட்' என்ற கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். 'ரீட்ஒன்லிஆக்சஸ்' என்பதைத் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள்; அது எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) பெட்டிக்குள் இருக்கும் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் படிக்க விடும். எண்ண வந்தவனுக்கு அது எதற்கு? கையில் இல்லாத அதிகாரத்துக்கு யாரும் பழி சொல்ல முடியாது.

சிஎல்ஐயின் 2ஆம் பதிப்பு 2020 பிப்ரவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்னும் 1ஆம் பதிப்பில் இருந்தால் மாறிவிடுங்கள்; கீழே சொல்லும் சில விவரங்கள் 2ஆம் பதிப்புக்கு உரியவை. அதில் விடை நீளமாக இருந்தால் பக்கம் பக்கமாக நின்று நின்று காட்டும். புதியவர்கள் கருவி உறைந்துவிட்டது என்று நினைத்துச் சாளரத்தையே மூடிவிடுகிறார்கள். வெளியே வர 'க்யூ' விசை போதும். அறவே வேண்டாம் என்றால் --நோ-சிஎல்ஐ-பேஜர்.

ஒவ்வொரு ரீஜனும் தனிப் பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அது எடுபடாது. கார்டுடியூட்டியும் கான்ஃபிக்கும் (அமைப்பு மாற்றங்களைப் பதிவது) செக்யூரிட்டி ஹப்பும் (கண்டுபிடிப்புகளை ஓரிடத்தில் சேர்ப்பது) ரீஜன் வாரியாக இயங்குபவை. நீங்கள் அன்றாடம் புழங்கும் ரீஜனில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். திருடன் வருவது நீங்கள் எட்டியே பார்க்காத ரீஜனுக்கு. களவாடிய சாவியுடன் கிரிப்டோ நாணயச் சுரங்கம் தோண்ட வருபவர்கள் அப்படிப்பட்ட மூலையில் இயந்திரங்களை ஏற்றுவது பழைய பழக்கம்.

கணக்கில் திறந்திருக்கும் ரீஜன்களை இப்படி வாங்கலாம்:

ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்க்ரைப்-ரீஜன்ஸ் --குவரி 'ரீஜன்ஸ்[].ரீஜன்நேம்' --அவுட்புட் டெக்ஸ்ட்

2019 மார்ச் 20க்குப் பிறகு தொடங்கிய ரீஜன்கள் தாமாகத் திறப்பதில்லை. யாராவது கேட்டுத் திறந்திருக்க வேண்டும். மேலே உள்ள கட்டளை திறந்தவற்றை மட்டும் தரும். நமக்கு வேண்டியதும் அதுதான். திறக்காத ரீஜனின் பெயரை நீங்களாகக் கையால் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் "பாதுகாப்பு டோக்கன் செல்லாது" என்ற பொருளில் பிழை வரும். சாவி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதுச் சாவி கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ரீஜன் பெயர்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள், கருவியிடமே கேளுங்கள்.

விடையிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கும் --குவரி பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, மேற்கோள் குறி. லினக்ஸிலும் மேக்கிலும் ஒற்றை மேற்கோள். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் இரட்டை மேற்கோள். இதை மாற்றிப் போட்டால் பிழை வரும், கண்டுபிடித்துவிடலாம். மற்றது அப்படி இல்லை. அதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

காலியில் மூன்று வகை

கார்டுடியூட்டி ஒரு ரீஜனில் இருக்கிறதா என்று கேட்பது எளிது:

ஏடபிள்யூஎஸ் கார்டுடியூட்டி லிஸ்ட்-டிடெக்டர்ஸ் --ரீஜன் (பெயர்) --குவரி 'டிடெக்டர்ஐட்ஸ்' --அவுட்புட் ஜேசன்

ஒரு ரீஜனில் கார்டுடியூட்டியைக் குறிக்கும் அலகுதான் டிடெக்டர். ஒரு கணக்குக்கு ஒரு ரீஜனில் ஒரே ஒரு டிடெக்டர்தான் இருக்க முடியும். இருந்தால் 32 எழுத்துகள் கொண்ட அடையாளம் ஒன்று சதுர அடைப்புக்குள் வரும். இல்லாதபோது என்ன வருகிறது என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

[] என்று வெற்று அடைப்பு வந்தால், அங்கே டிடெக்டர் உண்மையிலேயே இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்தது, பதில் வந்தது, எண்ணிக்கை பூஜ்யம்.

'நல்' என்று வந்தால், நீங்கள் கேட்ட பெயரில் விடைக்குள் எதுவும் இல்லை என்று பொருள். டிடெக்டர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது பதிலே ஆகாது. --குவரிக்குள் எழுதும் பெயர்களில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறுபடும். 'டிடெக்டர்ஐட்ஸ்' என்பதில் முதல் 'டி'யும் நடுவில் வரும் 'ஐ'யும் பேரெழுத்து. ஒன்றைச் சிறிதாக எழுதினால் கருவி முணுமுணுக்காது, பிழை காட்டாது, அமைதியாக 'நல்' என்று சொல்லிவிட்டு வெற்றியோடு முடித்துக்கொள்ளும். டெக்ஸ்ட் வடிவில் கேட்டிருந்தால் அதே இடத்தில் 'நன்' என்று வரும். இந்தக் கோலத்தில் 'நன்' என்ற சொல்லைப் பார்ப்பவர் எவரும் "ஒன்றும் இல்லை போலும்" என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆகவே டெக்ஸ்ட் வடிவை ரீஜன் பெயர்களை வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சரிபார்ப்புகளை ஜேசனில் பார்க்கிறேன்.

எழுத்து விஷயத்தில் சேவைக்குச் சேவை வழக்கம் மாறுவது கூடுதல் எரிச்சல். பின்னால் வரப்போகும் கிளவுட்டிரெயிலின் டிஸ்க்ரைப்-டிரெயில்ஸ் தரும் விடையில் 'டிரெயில்லிஸ்ட்' சிற்றெழுத்தில் தொடங்கும். அதற்குள் இருக்கும் 'நேம்' பேரெழுத்தில் தொடங்கும். கான்ஃபிக்கில் நேர் எதிர்: வெளிப்பெயர் பேரெழுத்து, உள்ளே 'நேம்' சிற்றெழுத்து. யாரும் இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் தடவை --குவரி இல்லாமல் கட்டளையை ஓட்டி, விடையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

மூன்றாவது வகை என்னைக் கவிழ்த்தது. விடையே வரவில்லை, பிழை வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. இதற்கு மருந்து, கட்டளை முடிந்ததும் அது விட்டுச்செல்லும் முடிவு எண்ணைப் பார்ப்பது. 0 என்றால் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 252 என்றால் கட்டளையை எழுதியதில் தவறு. 253 என்றால் சாவியோ அமைப்போ சரியில்லை. 254 என்றால் கேள்வி போய்ச் சேர்ந்தது, சேவை மறுத்துவிட்டது. அனுமதி மறுப்பு இந்த வகையில்தான் வரும்.

எல்லா ரீஜன்களையும் சுற்றிவர நான் வைத்திருக்கும் சுழற்சி இவ்வளவுதான்:

ஃபார் ஆர் இன் $(ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்க்ரைப்-ரீஜன்ஸ் --குவரி 'ரீஜன்ஸ்[].ரீஜன்நேம்' --அவுட்புட் டெக்ஸ்ட்); டூ
எக்கோ "ரீஜன் $ஆர்"
ஏடபிள்யூஎஸ் கார்டுடியூட்டி லிஸ்ட்-டிடெக்டர்ஸ் --ரீஜன் $ஆர் --குவரி 'டிடெக்டர்ஐட்ஸ்' --அவுட்புட் ஜேசன்
எக்கோ "முடிவு எண் $?"
டன்

பிழைச் செய்திகளை எங்கும் திருப்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை திரையில் கொட்டட்டும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் வேலை செய்வதில்லை

டிடெக்டர் அடையாளம் வந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. கார்டுடியூட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தினாலும் டிடெக்டர் அப்படியே இருக்கும். லிஸ்ட்-டிடெக்டர்ஸ் அதை வழக்கம்போல எண்ணிக் காட்டும். ஏட்டுச் சுரைக்காய்தான். எனவே கிடைத்த ஒவ்வோர் அடையாளத்துக்கும்:

ஏடபிள்யூஎஸ் கார்டுடியூட்டி கெட்-டிடெக்டர் --டிடெக்டர்-ஐடி (அடையாளம்) --ரீஜன் (பெயர்)

ஒருமுறை தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும், அதை மட்டும் படியுங்கள்" என்றேன். எதிர்முனையில் சில நொடி அமைதி. பிறகு "டிசேபிள்ட்" என்ற குரல் வந்தது. செலவு கணக்குப் பார்த்த ஒரு வாரத்தில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பப் போட மறந்துவிட்டார்கள். அவர்களின் மாதாந்தரச் சரிபார்ப்பில் டிடெக்டரின் எண்ணிக்கை மட்டும் இருந்ததால் எல்லா மாதமும் பச்சை.

அதே விடையில் 'ஃபீச்சர்ஸ்' என்ற பகுதியையும் பாருங்கள். எஸ்3 தரவு நிகழ்வுகள், ஈகேஎஸ் (ஏடபிள்யூஎஸ் தரும் குபர்னெட்டீஸ்) தணிக்கைப் பதிவுகள், ஆர்டிஎஸ் (தரவுத்தளச் சேவை) உள்நுழைவுகள், லாம்டாவின் வலைப் போக்குவரத்து, இயங்குநேரக் கண்காணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலை இருக்கும். அவர்களிடம் குபர்னெட்டீஸே இல்லாதபோது ஈகேஎஸ் அணைந்திருப்பதைக் குறையாக எழுதுவது தணிக்கையாளரின் சோம்பேறித்தனம். வாடிக்கையாளர் தரவு முழுவதும் எஸ்3யில் கிடக்கும்போது எஸ்3 அணைந்திருந்தால் அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து, கண்டுபிடிப்புகளை அமுக்கும் வடிகட்டிகள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது:

ஏடபிள்யூஎஸ் கார்டுடியூட்டி லிஸ்ட்-ஃபில்டர்ஸ் --டிடெக்டர்-ஐடி (அடையாளம்)

பெயர்கள் வரும். ஒவ்வொன்றையும் கெட்-ஃபில்டர் --ஃபில்டர்-நேம் கொண்டு திறந்து, 'ஆக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஆர்க்கைவ்' என்று இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த வடிகட்டியில் சிக்கும் புதிய கண்டுபிடிப்புகள் பிறந்ததும் பரணுக்குப் போய்விடும். செக்யூரிட்டி ஹப்புக்கும் போகாது, நிகழ்வுகளைக் கடத்தும் ஈவென்ட்பிரிட்ஜுக்கும் போகாது. நிபந்தனையில் குறிப்பிட்ட ஒரு கருவியின் முகவரியும் குறிப்பிட்ட ஒரு வகையும் சேர்ந்திருந்தால் நியாயமானது. வகையை மட்டும் சொல்லி, அது எந்த இயந்திரத்தில் நேர்ந்தாலும் அமுக்கு என்றிருந்தால், யாரோ அலாரம் தொல்லை தாங்காமல் மணியின் நாக்கைக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கண்டுபிடிப்புகளை எண்ணுவதாக இருந்தால்: லிஸ்ட்-ஃபைண்டிங்ஸ் அடையாளங்களை மட்டும் தரும், விவரத்துக்கு கெட்-ஃபைண்டிங்ஸ், ஒரு தடவைக்கு 50 வரை. நிபந்தனை எதுவும் சொல்லாவிட்டால் பரணில் கிடப்பவையும் சேர்ந்தே வரும். தீவிரம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் உயர்வு, 9 அல்லது அதற்கு மேல் என்றால் மிக உயர்வு. 90 நாளுக்கு முந்தையவை கார்டுடியூட்டியில் இருக்காது. வேண்டுமென்றால் எஸ்3க்கு ஏற்றுமதி செய்யப்படுகிறதா என்று லிஸ்ட்-பப்ளிஷிங்-டெஸ்டினேஷன்ஸ் கொண்டு பார்க்கலாம்.

எண்ணிக்கையில் ஒரு குழி இருக்கிறது. --குவரிக்குள் 'லெங்த்' போட்டு, டெக்ஸ்ட் வடிவில் கேட்டால், கருவி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எண்ணிச் சொல்லும். 173 கண்டுபிடிப்புகள் இருந்தால் 50, 50, 50, 23 என்று நான்கு வரிகள் வரும். கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் 23 என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதே கேள்வியை ஜேசன் வடிவில் கேட்டால் 173 என்று ஒரே எண் வரும்.

ஒரு பதிவு, பல நிழல்கள்

கிளவுட்டிரெயில் என்பது யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற நாட்குறிப்பு. கடைசி 90 நாள் மேலாண்மை நிகழ்வுகள் எந்த ஏற்பாடும் இல்லாமலே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் டிரெயில் என்று ஒன்றை அமைத்து எஸ்3யில் சேர்க்க வேண்டும். அவற்றை எண்ண:

ஏடபிள்யூஎஸ் கிளவுட்டிரெயில் டிஸ்க்ரைப்-டிரெயில்ஸ் --ரீஜன் (பெயர்)

இதை மேலே சொன்ன சுழற்சியில் போட்டால், 17 ரீஜன்கள் திறந்திருக்கும் கணக்கில் 17 டிரெயில்கள் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் எல்லா ரீஜன்களுக்கும் பொதுவாக அமைத்த ஒரே டிரெயில் ஒவ்வொரு ரீஜனிலும் தன் நிழலைக் காட்டுகிறது. 'ஹோம்ரீஜன்' என்ற வரி அதன் சொந்த வீட்டைச் சொல்லும்.

நிழல்களைத் தவிர்க்க --நோ-இன்க்ளூட்-ஷேடோ-டிரெயில்ஸ் என்று ஒரு தேர்வு உண்டு. நிழல் போய்விடுகிறதே என்று நானும் ஆசையாகப் பயன்படுத்தினேன். நிறுவனம் முழுமைக்கும் தலைமைக் கணக்கிலிருந்து அமைத்த டிரெயில் இருக்கிறதே, உறுப்பினர் கணக்கில் அதுவும் நிழலாகவே கருதப்படும். ஆகவே உறுப்பினர் கணக்கில் அந்தத் தேர்வைப் போட்டால் அதுவும் மறைந்து, "இந்தக் கணக்கில் டிரெயிலே இல்லை" என்பதுபோல வரும். இப்போது நிழல்களோடே வாங்கி, டிரெயிலின் முழு ஏஆர்என் பெயரை (ஏடபிள்யூஎஸ் ஒவ்வொன்றுக்கும் தரும் தனித்த பெயர்) வைத்து இரட்டிப்புகளை நானே நீக்குகிறேன்.

இருக்கிறது என்று தெரிந்தபின், ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்:

ஏடபிள்யூஎஸ் கிளவுட்டிரெயில் கெட்-டிரெயில்-ஸ்டேட்டஸ் --நேம் (டிரெயிலின் ஏஆர்என்)

வெறும் பெயரைக் கொடுத்தால் வேறு ரீஜனிலிருந்து கேட்கும்போது கிடைக்காது, ஏஆர்என் கொடுங்கள். 'இஸ்லாகிங்' என்பது 'ட்ரூ' என்று இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள். 'லேட்டஸ்ட்டெலிவரிடைம்' நேற்றோ இன்றோ இருக்கிறதா, 'லேட்டஸ்ட்டெலிவரிஎரர்' என்று ஒரு வரி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் கொள்கையை யாராவது திருத்தினால், அல்லது பெட்டியையே நீக்கினால், டிரெயில் எழுதிக்கொண்டே இருப்பதாகத்தான் சொல்லும். எழுதியது எங்கும் போய்ச் சேராது.

கான்ஃபிக்கும் இதே குணம்தான், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்ரைப்-கான்ஃபிகரேஷன்-ரெக்கார்டர்ஸ் பதிவான் இருப்பதைச் சொல்லும்; டிஸ்க்ரைப்-கான்ஃபிகரேஷன்-ரெக்கார்டர்-ஸ்டேட்டஸ் அது பதிகிறதா என்பதைச் சொல்லும். இரண்டாவதை மட்டும் ஓட்டினாலே போதும். செக்யூரிட்டி ஹப்புக்கு செக்யூரிட்டிஹப் கெட்-எனேபிள்ட்-ஸ்டாண்டர்ட்ஸ். அந்த ரீஜனில் ஹப் இயக்கப்படவே இல்லை என்றால் இது காலிப் பட்டியல் தராது, பிழை தரும். அனுமதி மறுப்பும் இதுவும் ஒரே 254 எண்ணில் வருவதால், இங்கே மட்டும் எண்ணை நம்பாமல் செய்தியை முழுதாகப் படியுங்கள். வெளியாருக்குத் திறந்துகிடப்பவற்றைக் கண்டுபிடிக்கும் ஆக்சஸ் அனலைசருக்கு ஆக்சஸ்அனலைசர் லிஸ்ட்-அனலைசர்ஸ். அதுவும் ரீஜன் வாரியாக.

மணி அடித்தால் யார் காதில் விழும்?

இதைப் பட்டியல் எடுப்பவர்களில் பெரும்பாலோர் எண்ணுவதே இல்லை. டிடெக்டர் கண்டுபிடித்ததை ஒரு மனிதரிடம் கொண்டுசேர்க்கும் சங்கிலியும் கண்காணிப்பு ஏற்பாட்டின் பகுதிதான். வழக்கமான சங்கிலி இது: ஈவென்ட்பிரிட்ஜ் விதி, அதன் இலக்கு, எஸ்என்எஸ் (அறிவிப்பு அனுப்பும் சேவை) தலைப்பு, அதன் சந்தாதாரர். நான்கு கண்ணிகளையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஏடபிள்யூஎஸ் ஈவென்ட்ஸ் லிஸ்ட்-ரூல்ஸ் --ரீஜன் (பெயர்)

'ஸ்டேட்' என்ற இடத்தில் 'எனேபிள்ட்' இருக்க வேண்டும். பிறகு, கார்டுடியூட்டியைக் குறிப்பிடும் விதி ஒவ்வொன்றுக்கும்:

ஏடபிள்யூஎஸ் ஈவென்ட்ஸ் லிஸ்ட்-டார்கெட்ஸ்-பை-ரூல் --ரூல் (விதியின் பெயர்) --ரீஜன் (பெயர்)

இலக்கு இல்லாத விதி தப்பே இல்லாமல் நிற்கும். நிகழ்வு பொருந்தும், பொருந்தி எங்கும் போகாது. இலக்கு எஸ்என்எஸ் தலைப்பாக இருந்தால்:

ஏடபிள்யூஎஸ் எஸ்என்எஸ் லிஸ்ட்-சப்ஸ்கிரிப்ஷன்ஸ்-பை-டாபிக் --டாபிக்-ஏஆர்என் (தலைப்பு) --ரீஜன் (பெயர்)

விடையில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஏஆர்என்' என்ற வரிக்கு எதிரே நீளமான ஏஆர்என் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அங்கே 'பெண்டிங்கன்ஃபர்மேஷன்' என்று ஒரே சொல் இருந்தது. சந்தா உறுதிசெய்யும் மின்னஞ்சல் போயிருக்கிறது. பெற்றவர் அதில் இருந்த இணைப்பைச் சொடுக்கவில்லை. தலைப்புக்கு வேறு சந்தாதாரரும் இல்லை. டிடெக்டர் ஓடியது, விதி ஓடியது, இலக்கு சரியாக இருந்தது. அத்தனை எச்சரிக்கையும் ஆளில்லா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. உறுதியான சந்தாக்களிலும் 'எண்ட்பாயிண்ட்' முகவரியைப் படித்து, இவர் இன்னும் இங்கே வேலை செய்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கட்டளைவரிக்குத் தெரியாத கேள்வி அது.

அளவீடுகளைக் கவனிக்கும் கிளவுட்வாட்ச் அலாரங்களில் பார்க்க வேண்டியது டிஸ்க்ரைப்-அலாரம்ஸ் --ஸ்டேட்-வேல்யூ இன்சஃபிஷியன்ட்_டேட்டா (இந்தக் கடைசிச் சொல் முழுக்கப் பேரெழுத்தில்). தரவே வராமல் நிற்கும் அலாரங்களை அது பொறுக்கித் தரும். அதோடு 'ஆக்‌ஷன்ஸ்எனேபிள்ட்' என்பது 'ஃபால்ஸ்' ஆக இருப்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்; பராமரிப்புக்காக ஓர் இரவு அணைத்து, பிறகு போடாமல் விட்டவை பெரும்பாலும் அவைதான்.

கணக்குகள் பல இருந்தால்

நிறுவனத்தில் கணக்குகள் பல இருந்து, கார்டுடியூட்டிக்கு ஒரு நிர்வாகக் கணக்கு இருந்தால், அங்கிருந்து லிஸ்ட்-மெம்பர்ஸ். இது இணைந்திருக்கும் உறுப்பினர்களை மட்டும் தருவது இயல்பு. விட்டுப்போனவற்றையும் பார்க்க --ஒன்லி-அசோசியேட்டட் என்பதற்கு 'ஃபால்ஸ்' கொடுங்கள். ஆனால் ஒருபோதும் சேர்க்கப்படாத கணக்கு எந்த வகையிலும் இதில் தலைகாட்டாது. அதற்கு ஆர்கனைசேஷன்ஸ் லிஸ்ட்-அக்கவுண்ட்ஸ் கொண்டு முழுப் பட்டியலை வாங்கி, இரண்டையும் வரிசைப்படுத்தி, 'டிஃப்' செய்ய வேண்டும். நிர்வாகக் கணக்கு தனக்குத் தானே உறுப்பினர் ஆகாது. ஆகவே வித்தியாசத்தில் அந்த ஒரு வரி எப்போதும் வரும், பதற வேண்டாம். மற்றபடி வரும் ஒவ்வொரு வரியும் கேட்க வேண்டிய கேள்வி. இதையும் ரீஜன் ரீஜனாகவே செய்ய வேண்டும். ஒரு ரீஜனில் உறுப்பினராக இருப்பது இன்னொன்றுக்குச் செல்லாது.

வந்த விடைகளைக் கோப்பில் சேர்க்கும்போது, கோப்பின் பெயரில் தேதி, கணக்கு எண், ரீஜன் மூன்றையும் வைக்கிறேன். முதல் வரியில் கெட்-காலர்-ஐடென்டிட்டி தந்த ரோலின் பெயர், கடைசி வரியில் முடிவு எண். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு, யாருடைய கண்ணால் பார்த்தது என்பது தெரிய வேண்டும். அறிக்கையின் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று சொற்களில் ஒன்றை எழுதுகிறேன்: உண்டு, இல்லை, பார்க்க முடியவில்லை.

அந்தப் பழைய அறிக்கையைத் திருத்திக் கொடுத்தபோது நான்கு ரீஜன்களுக்கு எதிரேயும் மூன்றாவது சொல்லைத்தான் எழுதினேன். வாடிக்கையாளர் ரோலின் கட்டுப்பாட்டைத் தளர்த்திக் கொடுத்த பிறகு மறுபடி ஓட்டினேன். நான்கிலும் டிடெக்டர் இருந்தது, நான்கிலும் ஸ்டேட்டஸ் 'எனேபிள்ட்'. அதில் ஒரு ரீஜனில், எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்ட ஓர் 'ஆர்க்கைவ்' வடிகட்டியும் இருந்தது. திரையைப் பகிர்ந்த அதே பொறியாளருக்குத்தான் முதலில் தொலைபேசியில் சொன்னேன்.